நர்ஸ் படிப்பு பட்டப்படிப்பு ஆன கதை

ஆஸ்பத்திரியில் ஒருவர் பத்து நாள் படுத்திருந்தால், டாக்டர் அவரைப் பார்ப்பது ஒரு நாளைக்குச் சில நிமிடங்கள்தான். மீதி நேரமெல்லாம் கூட இருப்பவர் "சிஸ்டர்". ஊசி போடுவதும், மாத்திரை கொடுப்பதும், நடுராத்திரியில் காய்ச்சல் பார்ப்பதும் அவர்தான். அந்த சிஸ்டர் எங்கே, என்ன படித்தார் என்று நாம் யாரும் கேட்பதில்லை. ஒரு காலத்தில் அந்தக் கேள்விக்கே அவசியம் இருக்கவில்லை. வார்டில் வேலை செய்துகொண்டே கற்றுக்கொள்வதுதான் நர்ஸ் படிப்பாக இருந்தது. அது பல்கலைக்கழகப் பட்டமாக மாறிய கதையில் நம் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரே ஒரு கட்டில்

ஐடா ஸ்கடர் 1870ல் ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்கப் பெண். மிஷனரி டாக்டரின் மகள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கர்ப்பிணிகள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டுதான் அவர் டாக்டரானார் என்ற கதை பலருக்கும் தெரியும். ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று அந்த மூன்று வீட்டிலும் மறுத்துவிட்டார்கள். 1899ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற ஐடா, 1900ல் வேலூரில் ஒரு கட்டில் கொண்ட சிறு கிளினிக்கைத் தொடங்கினார். 1902ல் அது 40 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரியாக வளர்ந்தது.

படுக்கை கூடியது, நோயாளிகளும் கூடினார்கள். ஆனால் ஆபரேஷன் முடிந்த பெண்ணை இரவு முழுக்கப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே? டாக்டர் ஒருவர் மட்டும் எத்தனை பேரைக் காப்பாற்ற முடியும்? 1909ல் டீலியா ஹௌட்டன் என்ற அமெரிக்க நர்ஸின் துணையோடு ஐடா செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியதற்குக் காரணம் இதுதான். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது 1918ல். அதாவது வேலூரில் டாக்டர் படிப்புக்கு ஒன்பது வருடம் முன்னாலேயே நர்ஸ் படிப்பு வந்துவிட்டது!

"நம்ம வீட்டுப் பொண்ணா?"

அந்தக் காலத்தில் மாணவிகளைச் சேர்ப்பது லேசான காரியம் இல்லை. முன்பின் தெரியாதவர்களைத் தொட வேண்டும், ரத்தத்தையும் மலத்தையும் சுத்தம் செய்ய வேண்டும், எல்லா சாதியாரையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும், இரவில் வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். இதில் ஒவ்வொன்றும் அன்றைய குடும்பங்களுக்குக் கௌரவப் பிரச்சினை. பிரசவம் பார்ப்பதே தீட்டு என்று ஒதுக்கப்பட்ட வேலை. அதனால் தென்னிந்தியாவில் நெடுங்காலம் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்களே அதிகமாக இந்தத் தொழிலுக்கு வந்தார்கள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பயிற்சி மாணவி என்பவர் ஆஸ்பத்திரிக்குக் குறைந்த செலவில் கிடைக்கும் வேலையாள். வார்டில் ஆள் குறைந்தால் வகுப்பு ரத்தாகும். கணக்குப் பார்த்தால் ஆஸ்பத்திரிக்கு லாபம், மாணவிக்கு நஷ்டம். இது இந்தியாவில் மட்டும் அல்ல, உலகம் முழுவதும் அப்படித்தான் இருந்தது.

1946

இந்தியாவின் நிலைமையை எண்களில் காட்டியது போர் கமிட்டி. 1943ல் அமைக்கப்பட்டு 1946ல் அறிக்கை கொடுத்த இந்தக் குழுவின் கணக்குப்படி, அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில் சுமார் 30 கோடி மக்களுக்கு இருந்த நர்ஸுகள் சுமார் 7,000 பேர்தான். 43,000 பேருக்கு ஒரு நர்ஸ்! டாக்டர்களோ 6,300 பேருக்கு ஒருவர். டாக்டர் பற்றாக்குறையைவிட நர்ஸ் பற்றாக்குறை பல மடங்கு மோசம் என்று அப்போதுதான் புரிந்தது.

அதே 1946ல் இந்தியாவில் இரண்டு இடங்களில் நர்ஸிங் பட்டப்படிப்பு தொடங்கியது. ஒன்று டெல்லி. மற்றொன்று வேலூர் சி.எம்.சி., சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ். பி.எஸ்சி. நர்ஸிங் என்பது வெறும் பெயர் மாற்றம் அல்ல. பாடத்திட்டத்தை முடிவு செய்வது, தேர்வு நடத்துவது, பட்டம் கொடுப்பது எல்லாம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பாயின. வார்டின் அவசரத்துக்காக வகுப்பைத் தள்ளிப்போடுவது இனி அவ்வளவு எளிதல்ல. முக்கியமாக, நர்ஸாகும் பெண்ணும் கல்லூரிக்குப் போய்ப் படித்த ஒரு பட்டதாரி என்று ஊர் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

1960ல் ஐடா கொடைக்கானலில் மறைந்தபோது, அவர் ஒரு கட்டிலில் ஆரம்பித்த இடத்தில் மருத்துவம், நர்ஸிங் இரண்டுக்கும் கல்லூரிகள் இருந்தன. பின்னாளில் எம்.எஸ்சி., ஆராய்ச்சிப் படிப்புகளும் சேர்ந்தன. 1988ல் செயல்படத் தொடங்கிய டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் தமிழ்நாட்டின் மற்ற நர்ஸிங் கல்லூரிகளைப் போலவே இதுவும் வந்தது.

இனி என்ன?

உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட அறிக்கைப்படி உலகில் சுமார் 2.8 கோடி நர்ஸுகள். பற்றாக்குறை சுமார் 59 லட்சம். அதனால்தான் நம் ஊரில் படித்தவர்களை வளைகுடாவும் பிரிட்டனும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கின்றன. உள்ளூரில் குறைந்த சம்பளம், வெளிநாட்டில் பல மடங்கு. போகிறவர்களைக் குறை சொல்ல முடியுமா?

அரசும் சும்மா இருக்கவில்லை. 2023 மத்திய பட்ஜெட்டில் 157 புதிய நர்ஸிங் கல்லூரிகள் அறிவிக்கப்பட்டன. அதே ஆண்டில், 1947ஆம் ஆண்டின் இந்திய செவிலியர் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய ஆணையச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கென்று "நர்ஸ் பிராக்டிஷனர்" என்ற இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பும் வந்துவிட்டது.

ஆனால் கல்லூரிகளின் எண்ணிக்கை மட்டும் போதாது. இங்கே வேலூரின் பழைய வழக்கம் ஒன்று யோசிக்க வைக்கிறது. சி.எம்.சி.யில் திருச்சபைகளின் சிபாரிசில் சேரும் மாணவர்கள், படிப்பு முடிந்ததும் குறிப்பிட்ட காலம் அந்தத் திருச்சபைகளின் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்ய வேண்டும். அவற்றில் பல சிறிய ஊர்களில் இருப்பவை. படிப்புக்கு ஆகும் செலவை முதலீடு என்று எடுத்துக்கொண்டால், அந்த முதலீட்டின் பலன் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். அதோடு நல்ல சம்பளமும் மரியாதையும் சேர்ந்தால்தான் ஒப்பந்தம் முடிந்த பிறகும் அவர்கள் அங்கேயே இருப்பார்கள்.

சி.எம்.சி.யின் புதிய பெரிய வளாகம் 2022ல் ராணிப்பேட்டை மாவட்டத்தில் திறக்கப்பட்டது. ஐடா பிறந்த அதே ராணிப்பேட்டை! அங்கே கட்டில்கள் நூற்றுக்கணக்கில். ஆனால் 1909ல் இருந்த கேள்வி அப்படியே இருக்கிறது: ராத்திரி இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் யார் நிற்கப் போகிறார்கள்?