பழைய காரின் வயரிங்: ரப்பர், பருத்தி, பிவிசி

ஐம்பது அறுபது வருடப் பழைய பிரிட்டிஷ் கார் ஒன்றைப் புதுப்பிக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் பெயிண்டில்தான் ஆரம்பிப்பார்கள். அடுத்து குரோமியம் பம்பர், சீட், எஞ்சின். வயரிங்? "லைட் எரியுதா, ஹாரன் அடிக்குதா, போதும்" என்று விட்டுவிடுவார்கள். ஆனால் அந்தக் காரில் ஆபத்தான பழசு எது என்று பார்த்தால், டாஷ்போர்டுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் தொங்கும் அந்த வயர் கட்டுதான். அது ஏன் அப்படி ஆனது என்பதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது.

ஆரம்பத்தில் கார்களில் வயரே அதிகம் கிடையாது. 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் ஃப்ளைவீலோடு சேர்ந்து சுழலும் 16 காந்தங்கள்தான் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுத்தன. முன்விளக்கு அசிட்டிலீன் வாயுவில் எரிந்தது. ஸ்டார்ட் செய்ய முன்னால் போய் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் கை எலும்பு முறியும்!

இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டியவர் சார்லஸ் கெட்டரிங். அவர் வடிவமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-ம் ஆண்டு கேடிலாக் காரில் வந்தது. ஸ்டார்ட்டர் வந்தால் பெரிய பேட்டரி வேண்டும், பேட்டரி வந்தால் அதை சார்ஜ் செய்ய டைனமோ வேண்டும். இவ்வளவும் வந்த பிறகு விளக்கு, ஹாரன், வைப்பர் எல்லாவற்றையும் மின்சாரத்திலேயே ஓட்டலாமே? அப்படித்தான் வயர்கள் பெருகின. பிரிட்டனில் இந்தச் சந்தையைப் பிடித்தது பர்மிங்ஹாமின் லூகாஸ் நிறுவனம். 19-ம் நூற்றாண்டில் மண்ணெண்ணெய் விளக்கு விற்று வளர்ந்த கம்பெனி அது. மொரிஸ் மைனர், எம்ஜி, யாழ்ப்பாணத்தில் ஓடிய ஆஸ்டின் ஏ40 எல்லாவற்றிலும் இருந்தது லூகாஸ் சாமான்தான். (மொரிஸ் ஆக்ஸ்போர்டில் இருந்து பிறந்த நம் அம்பாசடரும் அதே குடும்பம். சென்னை பாடியில் 1961-ல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் தொழிற்சாலையும் அதன் கிளைதான்.)

அந்தக் காலத்து வயர் எப்படி இருந்தது? நடுவில் மெல்லிய செம்புக் கம்பிகளின் புரி. அதன்மேல் ரப்பர். ரப்பருக்கு மேல் பின்னிய பருத்தி நூல் உறை. அதற்கு மேல் வார்னிஷ் பூச்சு. இதில் ரப்பர்தான் உண்மையான இன்சுலேஷன். பருத்தி அதற்குக் கவசம், கூடவே நிறத்தைக் காட்டும் அடையாளம்.

அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நமக்கு நெருக்கமான பதில் கிடைக்கும். 1876-ல் ஹென்றி விக்கம் பிரேசிலில் இருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு வந்த விதைகளின் வாரிசுகள்தான் மலாயாவிலும் இலங்கையிலும் தோட்டங்களாயின. மலாயாவின் அந்தத் தோட்டங்களில் விடியற்காலையில் 'பால் மரம்' சீவியவர்களில் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தில் இருந்து போன தமிழர்கள். பிரிட்டிஷ் காரின் டயரைப் பற்றிப் பேசும்போதே இந்தக் கதை அதிகம் சொல்லப்படுவதில்லை. வயருக்கு எங்கே சொல்லப் போகிறார்கள்?

இயற்கை ரப்பரை அப்படியே பயன்படுத்த முடியாது. வெயிலில் ஒட்டும், குளிரில் வெடிக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் உறுதியாகும் என்று சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டுபிடித்தார். ஆனால் அந்தக் கந்தகம் செம்பைக் கருக்க வைக்கும். அதனால் செம்புக் கம்பிக்கு ஈயம் பூசுவது போல வெள்ளீயம் பூசினார்கள். பழைய வயரை வெட்டினால் உள்ளே வெள்ளி மாதிரி மின்னுவதற்கு இதுதான் காரணம்.

கந்தகத்துக்கு வழி கண்டார்கள், காற்றுக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆக்சிஜன், எஞ்சின் சூடு, எண்ணெய் மூன்றும் சேர்ந்து முப்பது நாற்பது வருடத்தில் ரப்பரைக் கருவாடு மாதிரி காய வைத்துவிடும். இதில் ஒரு ஏமாற்று வேலை இருக்கிறது. காய்ந்த ரப்பர், அசையாமல் இருக்கும்வரை அப்படியே நிற்கும். விளக்கெல்லாம் ஒழுங்காக எரியும். யாராவது ஒரு மீட்டரைக் கழற்றுவதற்காக வயர் கட்டை லேசாக வளைத்தால் போதும், உறை பொடிப்பொடியாக உதிர்ந்து செம்பு வெளியே வந்துவிடும்.

வெறும் 12 வோல்ட்தானே, என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். ஷாக் அடிக்காது என்பது உண்மை. ஆனால் ஸ்டார்ட்டரைச் சுற்ற நூறு ஆம்பியருக்கு மேல் கொடுக்கும் பேட்டரி அது. காரின் உடம்பு முழுக்க எர்த். உறை இழந்த வயர் தகரத்தில் எங்கே தொட்டாலும் நேரடி ஷார்ட். சரி, ஃப்யூஸ் போய்விடுமே? அங்கேதான் அதிர்ச்சி. மொரிஸ் மைனர் போன்ற கார்களில் மொத்தமே இரண்டு ஃப்யூஸ்தான், முன்விளக்கு சர்க்யூட்டுக்கு ஃப்யூஸே கிடையாது. வயரே ஃப்யூஸாக மாறிச் சிவக்கும். மேலே இருப்பதோ பருத்தியும் வார்னிஷும்!

இதோடு இன்றைய ஓட்டுநர்கள் செய்யும் இன்னொரு காரியம். பழைய பல்புகள் 42 வாட். வெளிச்சம் போதவில்லை என்று 60 வாட் ஹாலஜன் மாட்டுவார்கள். இரண்டு விளக்குக்கு 7 ஆம்பியர் ஓடிய இடத்தில் 10 ஆம்பியர் ஓடும், அதே கிழட்டு வயரில். லூகாஸை 'இருளின் இளவரசன்' என்று கேலி செய்யும் ஜோக்குகள் ஏராளம். அந்தப் பழியில் பாதி, துருப்பிடித்த எர்த் இணைப்புக்கும் இப்படிப்பட்ட வேலைகளுக்கும் சேர வேண்டியது.

மாற்று வந்தது வேறு ஒரு தேடலில். 1926-ல் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் கம்பெனியில் வால்டோ சீமன் என்பவர் ரப்பரை உலோகத்தோடு ஒட்டும் பசையைத் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்தது வளையும் பிவிசி. 1942-ல் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் வரத்து நின்றது. போர்க்கப்பல் வயர்களுக்கு பிவிசி வந்தது அப்போதுதான். போருக்குப் பிறகு, 1950-களிலும் 60-களிலும் கார்களுக்கும் அது இறங்கியது. பிவிசியும் சாகாவரம் பெற்றதல்ல. இளக்கி ஆவியாகப் போனால் அதுவும் விறைக்கும். ஆனால் ரப்பரை விட எவ்வளவோ மேல்.

இப்போது பழைய வயரிங்கை மாற்றுபவருக்கு முதல் தலைவலி நிறம். லூகாஸ் முறையில் பிரவுன் பேட்டரியில் இருந்து நேராக வரும் வயர், வெள்ளை இக்னிஷன், பச்சை இக்னிஷனில் இருந்து ஃப்யூஸ் வழியாக வருவது, நீலம் முன்விளக்கு, சிவப்பு சைடு லைட், கறுப்பு எர்த். கேட்க எளிது. ஆனால் பருத்தி சாயம் வெளுத்து அழுக்கேறிய பிறகு எல்லாமே டிகாக்ஷன் நிறம்தான். வெளிச்சம் படாத இடத்தில், டேப் சுற்றிய பகுதியைப் பிரித்துப் பார்த்தால் அசல் நிறம் தெரியும். இரண்டாவது தலைவலி, அந்தக் கால பிரிட்டிஷ் கார்களில் உடம்போடு இணைந்திருப்பது பேட்டரியின் பாசிட்டிவ் முனை. எம்ஜிபி கார் 1967-ல்தான் நெகட்டிவ் எர்த்துக்கு மாறியது. இது தெரியாமல் புது ரேடியோவை மாட்டினால் ரேடியோ காலி.

பெரிய விவாதம் இதற்கு மேல்தான். அசலை அப்படியே வைப்பதா, பாதுகாப்புக்காக மாற்றுவதா? பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பான ஃபிவா 2012-ல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம், மாற்றம் தவிர்க்க முடியாதது என்றால் வெளியே உறுத்தாமல், பிறகு திரும்ப எடுக்கக்கூடியதாக இருக்கட்டும் என்கிறது. கழற்றிய முக்கிய பாகங்களை வண்டியோடு பத்திரப்படுத்தச் சொல்கிறது. வயர் விஷயத்தில் இது நடைமுறைக்கு ஒத்து வருகிறது. உள்ளே பிவிசி, மேலே பழைய நிறங்களில் பருத்திப் பின்னல் போட்ட வயர்கள் இங்கிலாந்தில் இன்றும் தயாராகின்றன. முன்விளக்குக்கு ஒரு ஃப்யூஸும் ரிலேயும் கண்ணுக்குத் தெரியாத மூலையில் வைத்துவிடலாம். அசல்தன்மை என்ற பெயரில் ஃப்யூஸே இல்லாமல் விடுவது வெறும் பிடிவாதம்.

பழைய கட்டை வெட்டி எறிவதும் தவறு. எந்தக் கிளை எந்த இடத்தில் பிரிந்தது, அதன் நீளம் எவ்வளவு, இடையில் எந்த மெக்கானிக் எங்கே ஒட்டுப் போட்டார் என்பதெல்லாம் சர்க்யூட் படத்தில் இருக்காது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் அதை முழுதாகக் கழற்றி, பிளைவுட் பலகையில் விரித்து, கிளை பிரியும் இடங்களில் ஆணி அடித்து, ஒவ்வொரு முனைக்கும் சீட்டு கட்டி, அதன் பக்கத்திலேயே புது வயர்களை இழுத்துக் கட்டுகிறார்கள். வேலை முடிந்ததும் பழைய கட்டு ஒரு பெட்டியில் போய், காரின் ஆவணங்களோடு உட்கார்ந்துகொள்கிறது.