மனை பாதுகாப்பானதா? உணர்திறன் களிமண்ணும் நிலச்சரிவு மதிப்பீடும்

2020 டிசம்பர் 30 அதிகாலையில், நார்வே நாட்டின் யெர்ட்ரும் நகராட்சிக்குட்பட்ட ஆஸ்க் என்னும் ஊரில் ஒரு குடியிருப்பின் அடிநிலமே சரிந்து ஓடியது. பத்துப் பேர் மாண்டனர். அரசு அமைத்த வல்லுநர் குழு, அருகிலிருந்த ஓடையின் மண்ணரிப்பே முதன்மைக் காரணம் என்று கண்டறிந்தது.

மண்ணின் இயல்பு

பனியூழியின் முடிவில் கடலடியில் படிந்த களிமண், பின்னர் நிலம் உயர்ந்தபோது தரையானது. துகள்களைப் பிணைத்திருந்த உப்பை நிலத்தடி நீர் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கரைத்துச் சென்றது. குலையாதவரை இம்மண் வீட்டைத் தாங்கும். குலைந்தால் கூழாகி ஓடும். குலையாத நிலையின் வலிமை குலைந்த நிலையின் வலிமையைப்போல் எத்தனை மடங்கு என்பதே அதன் 'உணர்திறன்'. 1978இல் நார்வேயின் ரிஸ்ஸாவில், பண்ணைக் கட்டடத்தை விரிவாக்கத் தோண்டிய மண்ணை ஏரிக்கரையில் குவித்தனர். அச்சிறு சுமையே ஏறத்தாழ 33 எக்டேர் நிலத்தைச் சரித்தது.

மதிப்பீட்டின் படிகள்

முதலில் அந்நிலம் பழங்கடல் மட்டத்துக்குக் கீழ் இருந்ததா என்பதையும், சரிவையும், ஓடைகளையும் ஆராய்கின்றனர். பின்னர் துளையிட்டு, குலையாத மண் மாதிரிகளை எடுத்து ஆய்வகத்தில் சோதிக்கின்றனர். மண்ணிடை நீரழுத்தத்தை அளக்கின்றனர். இறுதியாகச் சரிவின் உறுதியைக் கணக்கிடுகின்றனர். இவற்றுள் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: சரிவு கீழே ஓடைக்கரையில் தொடங்கிப் பின்னோக்கி அரித்துச் செல்லக்கூடும். ஆகவே சமதளமான மனையும் ஆபத்துக்கு உட்பட்டதே. ஆய்வு மனையின் எல்லையோடு நின்றுவிடலாகாது.

நம் மலைகளில்

மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கை மலையகத்திலும் உள்ளது இக்கடற்களிமண் அன்று. கனமழையில் நீர் ஊறிச் சரியும் சிதைவு மண். ஆயினும் எல்லை தாண்டிப் பார்க்க வேண்டும் என்னும் விதி இங்கும் பொருந்தும். 2020 ஆகஸ்டு 6 இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் சரிவு தொடங்கியது லயன்களுக்கு வெகு மேலே. எழுபது உயிர்கள் பறிபோயின. மாண்டோரில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து சென்ற தலித் தொழிலாளர் குடும்பத்தினர். இலங்கையின் மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 அன்று லயன்கள் புதையுண்டன. அங்கு 2005, 2011 ஆகிய ஆண்டுகளிலேயே தேசிய கட்டட ஆய்வு நிறுவனம் எச்சரித்திருந்தது. மதிப்பீடு இருந்தது, மாற்று மனை இல்லை. ஓரிடம் ஆபத்தானது என்று அறிந்த பின்னும் அங்கேயே ஒரு சமூகத்தைக் குடியிருத்துவதை இயற்கைப் பேரிடர் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது.

சட்டத்தின் வழி

பட்டியல் சாதியினரின் வீட்டுமனைக்கான நில எடுப்பு குறித்த சமேலி சிங் வழக்கில், உறைவிட உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதுகாப்பான கட்டடமும் அவ்வுரிமையின் பகுதியே. இந்தியப் புவியியல் ஆய்வகத்தின் நிலச்சரிவு வரைபடம் 1:50,000 அளவையில் அமைந்தது. அது எச்சரிக்கைக்கு உதவும். தனி மனைக்குச் சான்றாகாது.

எனவே சரிவு நிலத்தில் இலவச மனைப்பட்டா வழங்கப்படும்போது, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் நாம் இவற்றைக் கேட்க வேண்டும்:

- அம்மனைக்கெனத் தனியாக மண் ஆய்வு நடந்ததா?
- மேற்சரிவும் கீழோடையும் அதில் அடங்கினவா?
- நீர் வடிய வழி உண்டா?
- அறிக்கை மக்களுக்குத் தமிழில் தரப்பட்டதா?
- இடம் தகாதெனில் மாற்று மனை எங்கே, எந்நாளுக்குள்?

பட்டாவைப் பெறும் முன்பே இக்கேள்விகளுக்கு எழுத்தில் விடை பெறுவோம்.