மனித விண்பயணம்: அரசு நிதியும் தனியார்மயமும் (அமெரிக்கா)

மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் பணியை அரசே தன் செலவில், தன் கலத்தில் நடத்த வேண்டுமா, தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்க வேண்டுமா என்பது பற்றி அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நெடுங்காலமாக நடந்துவரும் அரசியல் விவாதம். 2010இல் அதிபர் பராக் ஒபாமா கான்ஸ்டெலேஷன் என்ற அரசு நிலவுத் திட்டத்தைக் கைவிட முன்வந்தபோது இது உச்சத்தை எட்டியது. அரசா, தனியாரா என்று பேசப்பட்டாலும், பணத்தின் பெரும்பகுதி எப்போதும் அரசுடையது. கலங்களைக் கட்டியவை எப்போதும் தனியார் நிறுவனங்கள். காலத்துக்குக் காலம் மாறியவை ஒப்பந்தத்தின் வடிவம், கலத்தின் உரிமை, நட்டம் யார் தலையில் விழும் என்ற கணக்கு ஆகியவைதாம்.

ஒப்பந்த வகைகள்

அமெரிக்க மனித விண்பயண ஏற்பாடுகளை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, செலவுடன் லாபமும் சேர்த்துத் தரும் ஒப்பந்தம். நிறுவனம் செய்த செலவை அரசு திருப்பித் தரும்; அதற்கு மேல் ஒரு கட்டணமும் கொடுக்கும். வடிவமைப்பில் அரசின் விண்வெளி நிறுவனமான நாசாவின் பொறியாளர் சொல்வதே முடிவு. கலமும் நாசாவுக்கே சொந்தம். அப்போலோவும் விண்ணோடமும் இப்படித்தான் உருவாயின. இரண்டாவது, நிலைவிலை ஒப்பந்தம். ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்கூட்டியே பேசிய தொகை மட்டும் கிடைக்கும்; செலவு கூடினால் அது நிறுவனத்தின் பாடு. கலம் நிறுவனத்துக்குச் சொந்தம், நாசா அதில் இருக்கை வாங்கும் வாடிக்கையாளர். வீடு கட்டியவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும்: பொருளையும் கூலியையும் நாமே அன்றாடம் கொடுத்துக் கட்டுவது முதல் வகை, சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி மொத்தமாக ஒப்படைப்பது இரண்டாம் வகை. மூன்றாவது வகை, பயணியோ புரவலரோ தம் பணத்தில் மேற்கொள்ளும் தனியார் பயணம். இதிலும் அரசு முழுமையாக விலகிவிட முடியாது. தம் நாட்டுத் தனியார் விண்வெளியில் செய்யும் செயல்களுக்கு அந்தந்த அரசே பொறுப்பு என்று 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம் விதித்துள்ளது.

எவரும் முன்பு செய்திராத வேலைக்கு விலை குறிக்க முடியாது என்பதே முதல் வகைக்கான நியாயம். சந்திரனில் இறங்கும் கலத்துக்கு 1961இல் எந்த நிறுவனமும் நேர்மையாக ஒரு தொகை சொல்லியிருக்க இயலாது. வேலை பழகிப்போன பின்னும் ஒப்பந்த முறை மாறாமல் நின்றதுதான் பின்னாளைய சண்டைக்கு வேராயிற்று.

அப்போலோ காலம்

நாசாவை உருவாக்கும் சட்டத்தில் அதிபர் ஐசனோவர் 1958 ஜூலை 29 அன்று கையெழுத்திட்டார். படைத்துறைக்கு வெளியே ஒரு குடிமை நிறுவனம் வேண்டும் என்று விரும்பிய அவரே, பின்னர் நிலவுப் பயணச் செலவு மிகை என்று குறைகூறினார். பத்தாண்டு முடிவதற்குள் மனிதனை நிலவில் இறக்குவது என்ற இலக்கை ஜான் கென்னடி 1961 மே 25 அன்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். விண்வெளிமீது தமக்குத் தனிப்பட்ட ஆர்வம் அதிகமில்லை, ரஷ்யரை முந்துவதே நோக்கம் என்பதை 1962 நவம்பரில் நாசா தலைவர் ஜேம்ஸ் வெப்புடன் நடந்த உரையாடலில் அவர் மறைக்கவில்லை.

1966இல் மத்திய அரசின் மொத்தச் செலவில் 4 விழுக்காட்டுக்கும் மேல் நாசாவுக்குப் போயிற்று. இன்று அது அரை விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை. அப்போலோவுக்கு ஆன செலவு 2,540 கோடி டாலர் என்று 1973இல் நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. வேலை உச்சத்தில் இருந்தபோது சுமார் 4 லட்சம் பேர் இத்திட்டத்தில் ஈடுபட்டிருந்தனர். பெரும்பாலோர் தனியார் நிறுவன ஊழியர்கள். கட்டளைக் கலத்தை நார்த் அமெரிக்கன் ஏவியேஷனும், இறங்குகலத்தை கிரம்மனும், சாட்டர்ன் 5 ராக்கெட்டின் முதல் அடுக்கை போயிங்கும் செய்தன. அரசுத் திட்டத்தின் இலக்கணமாக இன்றும் காட்டப்படும் அப்போலோ இவ்வளவு தூரம் தனியார் பட்டறைகளில் பிறந்தது என்பதை இரு தரப்பாருமே வசதியாக மறப்பதுண்டு.

தொகுதி அரசியலும் அப்போதே தொடங்கிவிட்டது. மனித விண்கல மையம் 1961இல் ஹூஸ்டனுக்குப் போனது. நாசாவின் நிதியை அலசும் பிரதிநிதிகள் சபைத் துணைக்குழுவின் தலைவர் ஆல்பர்ட் தாமஸ் ஹூஸ்டன் தொகுதிக்காரர். துணை அதிபர் லிண்டன் ஜான்சனும் டெக்சாஸ்காரர். தரமும் தட்பவெப்பமும் பார்த்தே இடம் தேர்ந்ததாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்புகள் அப்படித்தான் இருக்கும்.

1967 ஜனவரி 27 அன்று அப்போலோ 1 கலம் ஏவுதளச் சோதனையில் தீப்பற்றி மூன்று வீரர்கள் இறந்தனர். நார்த் அமெரிக்கன் நிறுவனத்தின் வேலையைக் கடுமையாகக் குறைகூறிய உள் அறிக்கை ஒன்று நாசாவிடம் முன்பே இருந்ததை செனட்டர் வால்டர் மாண்டேல் விசாரணையில் கிளறினார். ஒப்பந்த நிறுவனத்தை அரசு சரியாக மேற்பார்த்ததா என்று நாடாளுமன்றம் கேட்ட முதல் பெரிய தருணம் இது.

அன்றைய எதிர்ப்பு தனியார்மயம் கோரி எழவில்லை. அந்தப் பணம் ஏழைகளுக்குப் போக வேண்டும் என்றே எழுந்தது. அப்போலோ 11 புறப்படுவதற்கு முந்தைய நாள், 1969 ஜூலை 15 அன்று, மார்ட்டின் லூதர் கிங்கின் தோழரான பாதிரியார் ரால்ஃப் அபர்நாதி, கோவேறு கழுதை பூட்டிய வண்டிகளோடு ஏழைக் குடும்பங்களை அழைத்துக்கொண்டு கென்னடி மையத்துக்கு வந்தார். லேசான தூறலில் நாசா தலைவர் தாமஸ் பெய்ன் அவர்களை எதிர்கொண்டார். ராக்கெட்டை நிறுத்தினால் வறுமை தீருமென்றால் நாளை பொத்தானை அழுத்தமாட்டோம் என்ற பொருளில் பதில் சொன்ன பெய்ன், ஏவுதலைப் பார்க்க அக்குடும்பங்களுக்கு இடமும் ஒதுக்கினார். மறுநாள் ராக்கெட் போயிற்று. அடுத்த ஆண்டு முடிவதற்குள் கடைசி மூன்று அப்போலோ பயணங்கள் நிதிச் சிக்கனத்தில் கைவிடப்பட்டன.

விண்ணோடம்

மீண்டும் மீண்டும் பறக்கும் கலம் மலிவாக இருக்கும் என்ற வாக்குறுதியில் 1972 ஜனவரி 5 அன்று ரிச்சர்ட் நிக்சன் விண்ணோடத்துக்கு ஒப்புதல் அளித்தார். ஒரு பயணத்துக்குச் சுமார் 1 கோடி டாலர், ஆண்டுக்கு ஐம்பதுக்கு மேற்பட்ட பயணங்கள் என்று கணக்குக் காட்டப்பட்டது. நடைமுறையில் அது அதிகபட்சம் பறந்தது 1985இல், ஒன்பது முறை. 1981 முதல் 2011 வரை 135 பயணங்கள். சேலஞ்சர் (1986), கொலம்பியா (2003) விபத்துகளில் 14 பேர் பலி. விலைவாசி ஏற்றத்தையும் சேர்த்து மொத்தச் செலவைப் பயணங்களால் வகுத்தால் ஒரு பயணத்துக்கு 100 கோடி டாலருக்கும் மேல் வருகிறது.

தனியார் ஏவுதலுக்கு வழிவகுக்கும் சட்டத்தை ரொனால்ட் ரீகன் 1984இல் கொண்டுவந்தார். ஆனால் அரசு மானியத்தில் பறந்த விண்ணோடமே வணிகச் செயற்கைக்கோள்களையும் ஏற்றிச் சென்றதால் தனியார் ராக்கெட்டுக்குச் சந்தை இல்லை. சேலஞ்சர் விபத்துக்குப் பின்னரே வணிகச் சரக்கு விண்ணோடத்திலிருந்து விலக்கப்பட்டது. 1996இல் விண்ணோடத்தின் அன்றாட இயக்கம் லாக்ஹீட் மார்ட்டினும் ராக்வெல்லும் சேர்ந்து தொடங்கிய யுனைடெட் ஸ்பேஸ் அலையன்ஸுக்குத் தரப்பட்டது. பெயருக்குத் தனியார்மயம், வாடிக்கையாளர் ஒருவரே, கலமும் அவருடையதே. இதற்கிடையில் 1993 ஜூனில் விண்வெளி நிலையத்தையே நிறுத்தக் கோரிய திருத்தம் பிரதிநிதிகள் சபையில் 215க்கு 216 என்ற ஒரே வாக்கில் தோற்றது.

கட்டணப் பயணியை முதலில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு ஏற்றிச் சென்ற நாடு முன்னாள் பொதுவுடைமை நாடான ரஷ்யா. 2001 ஏப்ரலில் சுமார் 2 கோடி டாலர் கொடுத்து டென்னிஸ் டிட்டோ என்ற அமெரிக்கர் ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் போனார். எதிர்த்தது நாசா.

2010 மோதல்

2004இல் அதிபர் புஷ் அறிவித்த நிலவுத் திட்டம் கான்ஸ்டெலேஷன் என்று பெயர் பெற்றது. அதே ஆட்சியில், நாசா தலைவர் மைக்கேல் கிரிஃபின் 2006இல் 50 கோடி டாலரில் நிலையத்துக்குச் சரக்கு ஏற்றும் தனியார் திட்டத்தையும் தொடங்கினார். 2008 டிசம்பரில் ஸ்பேஸ்எக்ஸுக்கு 160 கோடி, ஆர்பிட்டல் சயன்சஸுக்கு 190 கோடி டாலர் சரக்கு ஒப்பந்தங்கள் கிடைத்தன. அப்போது ஸ்பேஸ்எக்ஸின் சிறிய ராக்கெட் ஒன்று வெற்றிகரமாகச் சுற்றுப்பாதையை எட்டி மூன்று மாதங்களே ஆகியிருந்தன.

கான்ஸ்டெலேஷன் கரைசேர ஆண்டுக்கு மேலும் 300 கோடி டாலர் வேண்டும் என்று நார்மன் அகஸ்டின் தலைமையிலான குழு 2009இல் கூறியது. 2010 பிப்ரவரி 1 அன்று ஒபாமாவின் நிதிநிலை அறிக்கை அத்திட்டத்தை நீக்கி, வீரர்களை ஏற்றும் பணியை நிலைவிலையில் நிறுவனங்களுக்குத் தர முன்மொழிந்தது.

பின்னர் நடந்தது கட்சிக் கொள்கைகளைத் தலைகீழாக்கிய காட்சி. அரசுத் திட்டத்தைக் காக்க முன்னணியில் நின்றவர் அலபாமாவின் குடியரசுக் கட்சி செனட்டர் ரிச்சர்ட் ஷெல்பி. ராக்கெட் வடிவமைக்கும் மார்ஷல் மையம் அவர் மாநிலத்தில் இருக்கிறது. திட எரிபொருள் மோட்டார் செய்யும் யூட்டா மாநிலத்தின் செனட்டர் ஓரின் ஹேட்சும் அவ்வாறே. தனியாரை முன்னிறுத்திய ஜனநாயகக் கட்சி அதிபருக்கு, குடியரசுக் கட்சியின் நியூட் கிங்ரிச் ஆதரவாக எழுதினார். நிலவு வீரர்களும் பிரிந்தனர். பொதுமேடையை விரும்பாத நீல் ஆம்ஸ்ட்ராங், ஜீன் செர்னனுடன் மே மாதம் செனட் குழுமுன் வந்து எதிர்த்துச் சாட்சியம் சொன்னார். பஸ் ஆல்ட்ரினோ திட்டத்தை ஆதரித்து, ஏப்ரல் 15 அன்று அதிபரின் விமானத்திலேயே ஃபுளோரிடா வந்திறங்கினார்.

அக்டோபரில் கையெழுத்தான சட்டம் இரு தரப்புக்கும் ஒவ்வொன்று கொடுத்தது: தனியார் கலத்துக்கு அனுமதி, கூடவே விண்ணோட உறுப்புகளைக் கொண்டு எஸ்.எல்.எஸ். என்ற பெரிய அரசு ராக்கெட். விமர்சகர்கள் அதைச் செனட் வடிவமைத்த ராக்கெட் என்று கேலி செய்தனர். 2016 முடிவில் தயாராக வேண்டிய அது 2022 நவம்பரில்தான் பறந்தது. வீரர்கள் பயணிக்கும் ஓரியன் கலத்தோடு சேர்த்து ஓர் ஏவுதலுக்கு 410 கோடி டாலர் ஆகும் என்று நாசாவின் தலைமைத் தணிக்கையாளர் கணித்தார்.

தனியார் கலத் திட்டத்துக்கு நாடாளுமன்றம் ஆண்டுதோறும் கேட்டதைவிடக் குறைத்தே கொடுத்தது. 2012ஆம் நிதியாண்டுக்குக் கேட்ட 85 கோடி டாலரில் பாதிகூட வரவில்லை. 2011இல் விண்ணோடமும் நின்றுவிட்டதால், அந்தத் தாமதத்துக்கான விலையை ரஷ்யா பெற்றது: 2015இல் சோயுஸின் ஆறு இருக்கைகளுக்கு மட்டும் நாசா 49 கோடி டாலர் கொடுத்தது.

பின்விளைவு

2014இல், வீரர்களை நிலையத்துக்கு ஏற்றிச் செல்ல, போயிங்குக்கு 420 கோடி, ஸ்பேஸ்எக்ஸுக்கு 260 கோடி டாலர் ஒப்பந்தங்கள் அளிக்கப்பட்டன. குறைவாகப் பெற்ற நிறுவனம் 2020 மே 30 அன்று இரு வீரர்களை ஏவியது. போயிங்கின் ஸ்டார்லைனர் 2024 ஜூனில் சுனிதா வில்லியம்ஸ், புட்ச் வில்மோர் இருவரையும் நிலையத்தில் சேர்த்தது. ஹீலியக் கசிவாலும் உந்திக் கோளாறாலும் ஆளின்றித் திரும்பியது. மிகைச் செலவை, ஒப்பந்தப்படி, போயிங் தன் கணக்கில் எழுதிக்கொண்டது. நிலைவிலை முறை பொதுப் பணத்தைக் காத்தது என்பதற்கு இதுவே சான்று. ஆனால் ஒரு நிறுவனம் தடுமாறியபோது நாடு மற்றொன்றையே முழுதாகச் சார்ந்திருக்க நேர்ந்தது. 2025 ஜூனில் ஸ்பேஸ்எக்ஸ் தலைவர் எலான் மஸ்க், அதிபர் டிரம்புடன் ஏற்பட்ட பூசலில், வீரர்களை ஏற்றிச் செல்லும் தம் டிராகன் கலத்தை ஓய்வு பெறச் செய்வதாக அறிவித்து அன்றே பின்வாங்கினார்.

நிலவில் இறங்கும் கலங்களும் 2021இலும் 2023இலும் முறையே ஸ்பேஸ்எக்ஸுக்கும் புளூ ஆரிஜினுக்கும் நிலைவிலையில் தரப்பட்டன. எஸ்.எல்.எஸ்.ஸை, ஆர்ட்டெமிஸ் என்ற புதிய நிலவுத் திட்டத்தின் மூன்றாம் பயணத்தோடு நிறுத்த டிரம்ப் அரசின் 2026 நிதிநிலை அறிக்கை முன்மொழிந்தது. 2025 ஜூலை 4 அன்று டிரம்பே கையெழுத்திட்ட சட்டம், டெக்சாஸ் செனட்டர் டெட் குரூஸின் முயற்சியால், அடுத்த இரு பயணங்களுக்கான எஸ்.எல்.எஸ். ராக்கெட்டுகளுக்கு 410 கோடி டாலர் ஒதுக்கியது.