நியூசென்ஸ்

போன மாசம் எங்க ஃப்ளாட் கமிட்டியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. லேக் மார்க்கெட் பக்கம் குடிவந்து இத்தனை வருஷத்துல இதுதான் முதல் புகார். காலையில அஞ்சரை மணிக்கு எங்க வீட்டு கிரைண்டர் போடற சத்தம் 'நியூசென்ஸ்' ஆக இருக்காம். மேல்வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்திருக்கார். ராத்திரி ஊறப்போட்டதை விடியற்காலையில அடைக்கு அரைக்கறது அம்மா பழக்கம்.

படிச்சுச் சொன்னதும் அம்மா முகம் சுண்டிப்போச்சு. "என்னையாடா நியூசென்ஸ்னு எழுதியிருக்கான்?"

நம்ம ஊர்ல அந்த வார்த்தைக்கு இருக்கற மரியாதை அப்படி. குடிச்சுட்டு ரோட்டுல ரகளை பண்றவன் மேல போலீஸ் போடறது நியூசென்ஸ் கேஸ். (சென்னையில அதுக்குன்னே 1888-ம் வருஷத்து நகரக் காவல் சட்டத்துல 75-வது பிரிவு இருக்கு.) அம்மாவுக்குத் தெரிஞ்ச நியூசென்ஸ் அவ்வளவுதான். நான் பி.காம்.ல படிச்ச சட்டமும் காண்ட்ராக்டோட முடிஞ்சது. அதனால உட்கார்ந்து தேட வேண்டியதாப் போச்சு.

வார்த்தையோட வேர் லத்தீன். 'நொசேரே'ன்னா தீங்கு செய்யறது. அது பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்தது. 'இன்னொசென்ட்'டும் அதே குடும்பம்தான்: தீங்கு செய்யாதவன். அதாவது ஆரம்பத்துல நியூசென்ஸ்னா நிஜமான கெடுதல். வெறும் எரிச்சல்ங்கற அர்த்தம் பின்னால வந்து ஒட்டிக்கிட்டது. வார்த்தைக்கும் வயசானா பலம் குறையும் போல :-)

வங்காளத்துல இதுக்கு நேர்மாறா ஒண்ணு. இங்கே எரிச்சலா இருந்தா 'பிரக்தோ'ம்பாங்க. நம்ம 'விரக்தி'யோட அண்ணன் தம்பிதான் அது! நமக்கு உலகமே வெறுத்தாத்தான் விரக்தி, இவங்களுக்கு பஸ் லேட்டானாலே போதும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். இந்தியன் பீனல் கோடு முதல் வரைவு தயாரானது இதே கல்கத்தாவுலதான். மெக்காலே 1834 ஜூன்ல மெட்ராஸ்ல கப்பல் விட்டு இறங்கி, ஊட்டிக்குப் போய் கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைப் பார்த்துட்டு, அப்புறம்தான் இங்கே வந்தார். வரைவு 1837-ல முடிஞ்சது. சட்டமானது 1860, அமலுக்கு வந்தது 1862 ஜனவரி 1. அதுல 268-வது பிரிவு பொது நியூசென்ஸ். பொதுமக்களுக்கோ அக்கம்பக்கத்தாருக்கோ பொதுவா வர்ற கெடுதல், ஆபத்து, எரிச்சல் மூணையும் ஒரே வரிசையில வெச்சுட்டாங்க. அதனால சிலருக்கு வசதி இருக்குன்னு சாக்கு சொல்லவும் முடியாது.

அபராதம்? 290-வது பிரிவுப்படி 200 ரூபாய் வரை. 1862-ல அது பெரிய தொகை. பேங்க்ல இருக்கறவன் கண்ணுக்கு இதுதான் முதல்ல படும்: 162 வருஷம் அந்த 200 அப்படியே இருந்தது. 2024 ஜூலை 1-ல பாரதிய நியாய சன்ஹிதா வந்தப்பதான் 1000 ஆச்சு.

இந்த வார்த்தைக்கு இந்தியாவுல பெரிய கௌரவம் கிடைச்சது 1980-ல. மத்தியப் பிரதேசத்து ரத்லாம்ல திறந்த சாக்கடை நாத்தம் தாங்காம ஜனங்க மாஜிஸ்ட்ரேட் கிட்ட போனாங்க. காசு இல்லைன்னு நகராட்சி கையை விரிச்சது. சுப்ரீம் கோர்ட்ல நம்ம பாலக்காட்டுக்காரர் வி.ஆர். கிருஷ்ணய்யர், பணமில்லைங்கறது பதிலே ஆகாது, சாக்கடையைக் கட்டுன்னு தீர்ப்புச் சொன்னார். சுவத்துல 'கமிட் நோ நியூசென்ஸ்'னு எழுதி, ஒண்ணுக்குப் போகாதேன்னு நாசூக்காச் சொல்லிக்கிட்டிருந்த வார்த்தை, கவர்மென்ட்டையே கேள்வி கேட்டது.

அம்மாவுக்கு இவ்வளவும் சொல்லலை. "சத்தத்தைத்தான் சொல்றாங்க, உன்னை இல்லை. ரெண்டு வீட்டுக்குள்ள வர்றது தனியார் நியூசென்ஸ், அதுல போலீஸ் கிடையாது"ன்னேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "பூஜைக்கு மைக் வெச்சு அலர்றாங்களே, அது?"

அதுக்கும் இங்கேயே தீர்ப்பு இருக்கு. 1996-ல கல்கத்தா ஹைகோர்ட்ல நீதிபதி பகவதி பிரசாத் பானர்ஜி, கேட்க விரும்பாதவனைக் கட்டாயப்படுத்திக் கேட்க வைக்க யாருக்கும் உரிமை இல்லைன்னு சொல்லி ஒலிபெருக்கிகளுக்குக் கடிவாளம் போட்டார்.

"அப்ப நான் லெட்டர் எழுதலாம்ல?"

எழுதலாம்தான். பந்தல் கமிட்டியில மேல்வீட்டுக்காரரும் இருக்கார்ங்கறதை இன்னும் சொல்லலை. இப்போதைக்கு எங்க வீட்டுல அடை சாயங்காலம்தான்.