கேமரன் மலையில் நில உடைமை

கேமரன் மலை, மலேசியாவின் பகாங் மாநிலத்தில் தேயிலையும் காய்கறியும் விளையும் மேட்டுநிலம். 1885இல் நில அளவைக்கு வந்த வில்லியம் கேமரனின் பெயரைத் தாங்கியது. நிலம் தனியாருக்கா அரசுக்கா என்ற பழைய வழக்கு இங்கே நேராக நிற்பதில்லை. மலேசியாவில் நிலம் மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ளது. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி, பட்டா வழங்கப்படாத நிலம் மாநில அரசுக்கே உரியது. அதை அரசு 99 ஆண்டு வரையிலான பட்டாவாகவும் தரலாம், ஓராண்டுத் தற்காலிக உரிமமாகவும் தரலாம். ஆகவே உடையவர் யார் என்பதைவிட, கையிலிருக்கும் தாள் எத்தனை ஆண்டு செல்லும் என்பதே இம்மலையில் பெரிய கேள்வி.

1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் அரசிடம் நிலம் பெற்று 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தேயிலைக் கன்று கொழுந்துக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். வந்தபின் பல பத்தாண்டுகள் பலன் தரும். ஓராண்டுத் தாளை நம்பி எவரும் அதை நட மாட்டார். காய்கறி விவசாயிகள் பலருக்கு வாய்த்ததோ 'டி.ஓ.எல்.' எனப்படும் அந்த ஓராண்டு உரிமம்: டிசம்பர் 31இல் காலாவதியாகும், கைமாறாது, உரியவர் இறந்தால் பிள்ளைக்குச் சேராது. வடிகாலுக்கும் தடுப்புச் சுவருக்கும் முதல் போடுவதைவிட அடுத்த கோஸ் அறுவடையைப் பார்ப்பதே அவர்களுக்குப் புத்தி. நீண்ட உரிமை கொடுத்தால் சரிவுகளை இன்னும் சுரண்டுவார்கள் என்பது எதிர்வாதம். ஆனால் அரசு நிலத்திலேயே சட்டவிரோதக் காடழிப்பு நடந்தது. அரித்து வந்த மண் சுல்தான் அபு பக்கர் அணையின் நீர்த்தேக்கத்தில் படிந்து அதன் கொள்ளளவைக் குறைத்தது. 2013 அக்டோபரில் அணை நீர் திறக்கப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பலியாயின. பட்டாவிலோ நிபந்தனை எழுதலாம். மீறினால் நிலத்தைப் பறிக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

தோட்டங்களை அரசுடைமையாக்கினால் உழைப்பவருக்கு விடிவு வரும் என்பாரும் உண்டு. இலங்கை 1972, 1975 நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் அதைச் செய்து பார்த்தது. தோட்டத் துரை மாறினார், தொழிலாளர் குடியிருந்த லயம் மாறவில்லை. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கைக்குப் போனபோதும் அத்தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர் காலடி மண்ணுக்கு உரிமையற்றவராகவே இருந்தனர். மலேசியாவில் அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் வேறு வழி கண்டார்: 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் பங்குப் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியது. அங்கும் தொழிலாளிக்குப் பங்குதான், நிலம் சங்கத்தின் பெயரில். இம்மலையின் பூர்வகுடிகளான செமாய் மக்களோ எந்தத் தரப்பிலும் சேராதவர்கள். 1954ஆம் ஆண்டின் பூர்வகுடிகள் சட்டம் அவர்களை அரசு விரும்பும்வரை குடியிருப்போராகவே நடத்தியது. 2005இல் சகோங் தாசி வழக்கில், சிலாங்கூரின் தெமுவான் பூர்வகுடி மக்களுக்குத் தங்கள் மரபு நிலத்தில் உரிமை உண்டென மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களிடம் காட்டப் பட்டா இல்லை. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்து வந்ததையே நீதிமன்றம் ஆதாரமாக ஏற்றது.