எஃப்12-க்கு முன்னால்

நாங்கள் வெப் டெவலப்பர் வேலைக்கு வந்த காலத்தில் கல்லூரியில் அதற்கென்று பாடம் கிடையாது. பாடம் பிரவுசருக்குள்ளேயே இருந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் ஒரு பக்கத்தின் மேல் வலது கிளிக் செய்து ‘வியூ சோர்ஸ்’ கொடுத்தால் அதன் எச்டிஎம்எல் முழுவதும் நோட்பேடில் வந்து விழும். பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு ஓடும். உட்கார்ந்து படிக்கக் கட்டாது. பிளாப்பியில் ஏற்றிக்கொண்டு போய், ஒரு டேபிளுக்குள் இன்னொரு டேபிளை எப்படி அடைத்திருக்கிறான் என்று நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம்.

அடுத்தவன் பக்கம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வழி இருந்தது. நம் பக்கம் ஏன் ஓடவில்லை என்று பார்க்கத்தான் வழி இல்லை.

1995-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்ட்டின் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதி முடித்தார். மொழி வந்த வேகத்தில் அதைச் சோதிக்கும் கருவிகள் வரவில்லை. எக்ஸ்புளோரரில் ஸ்கிரிப்ட் தடுக்கினால் கீழ் மூலையில் ஒரு மஞ்சள் முக்கோணம் தோன்றும். அதை டபுள் கிளிக் செய்தால், ‘லைன் 23, ஆப்ஜெக்ட் எக்ஸ்பெக்டட்’ என்று ஒரு பெட்டி வரும். எந்தக் கோப்பில் 23-ஆவது வரி என்று சொல்லாது; பக்கத்தின் முகவரியை மட்டும் காட்டும். பக்கம் ஐந்து ஸ்கிரிப்ட் கோப்புகளை இழுக்கிறது என்றால் ஐந்தையும் திறந்து பார்க்க வேண்டியதுதான். அதனால் எல்லோரும் நம்பியது அலர்ட்டை. சந்தேகமான இடத்தில் ஒரு அலர்ட் போட்டு ரெஃப்ரெஷ் செய்வோம். பெட்டி வந்தால் அதுவரை கோட் ஓடுகிறது. தெரியாத்தனமாக லூப்புக்குள் போட்டுவிட்டால் ஓகே பட்டனை அமுக்கியே விரல் தேயும்.

டிசைன் விலகினால் வைத்தியம் வேறு. சந்தேகப்படும் டிவ்வைச் சுற்றி ஒரு பிக்சலில் சிவப்புக் கோடு போடுவோம். கோடு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு பிக்சலைத் தின்றுவிடும். இடம் போதாமல் பக்கத்தில் நின்ற ஃப்ளோட் கீழே இறங்கிவிடும். பழுதைக் கண்டுபிடிக்கப் போட்ட கோட்டால் புதுப் பழுது.

2001-ல் வந்த எக்ஸ்புளோரர் 6 சந்தையை வளைத்துப் பிடித்த பிறகு, மைக்ரோசாஃப்ட் அடுத்த பதிப்பை 2006 அக்டோபரில்தான் வெளியிட்டது. போட்டிக்கு ஆள் இல்லாதபோது டெவலப்பரின் கஷ்டம் யாருக்கு உறைக்கும்? கருவிகள் வந்தது தோற்றவர்கள் பக்கமிருந்து. நெட்ஸ்கேப் விட்டுப்போன இடத்தில் வளர்ந்த மோசில்லாவில் டாம் இன்ஸ்பெக்டரும் வெங்க்மன் என்ற டிபக்கரும் முன்பே இருந்தன. 2004 நவம்பரில் வந்த பயர்பாக்ஸ் 1.0-க்கு எவர் வேண்டுமானாலும் எக்ஸ்டென்ஷன் எழுதலாம் என்பது பெரிய பலம். கிறிஸ் பெடரிக்கின் வெப் டெவலப்பர் டூல்பார் அப்படித்தான் எங்கள் மெஷின்களில் ஏறியது. 2006 ஜனவரியில் பயர்பக் என்ற எக்ஸ்டென்ஷன் வந்தது. எழுதியவர் ஜோ ஹெவிட். பயர்பாக்ஸைத் தொடங்கிய சிலரில் ஒருவர், டாம் இன்ஸ்பெக்டரும் அவர் கைவேலைதான். அடுத்த ஆண்டே 1.0 வந்துவிட்டது.

அது செய்ததைத் தமிழ்த் தளங்களில் வேலை பார்த்தவர்களிடம் கேட்க வேண்டும். பயர்பாக்ஸ் 3-க்கு முந்தைய பதிப்புகளில் யூனிகோட் தமிழ்ப் பத்தியை இரு ஓரமும் சீராக ‘ஜஸ்டிஃபை’ செய்தால் எழுத்து உடையும். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். பார்த்தவர்கள் ஃபான்ட் கோளாறு என்று நினைத்து ஃபான்ட்டை மாற்றி மாற்றிப் போடுவார்கள். பயர்பக்கில் இன்ஸ்பெக்ட் கொடுத்து அந்தப் பத்தியைச் சொடுக்கினால், அதன் மேல் செயல்படும் சிஎஸ்எஸ் விதிகள் எல்லாம் எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்ற விவரத்தோடு வலப்பக்கம் வரிசையாக வரும். ஜஸ்டிஃபை வரியின் இடது ஓரத்தில் ஒரு கிளிக். வரி மங்கும், அதே நொடி, கண்முன்னே கொம்பெல்லாம் எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். கோப்பைத் தொடவில்லை, ரெஃப்ரெஷ் செய்யவில்லை. ஓடுகிற இன்ஜினில் கைவைத்துப் பார்க்கிற மெக்கானிக்கின் வசதி எங்களுக்கும் வந்தது. அதுவரை ஊகம் என்பதுதான் அனுபவத்துக்கு மறுபெயராக இருந்தது. அன்றிலிருந்து நேற்றுச் சேர்ந்த பையனும் பெரியவர்களோடு வாதம் செய்ய ஆரம்பித்தான்.

பிறகு எல்லோரும் ஓடிவந்தார்கள். ஆப்பிளின் சஃபாரிக்கு வெப் இன்ஸ்பெக்டர் வந்தது. 2008-ல் ஓபராவுக்கு டிராகன்ஃபிளை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த குரோம், இன்ஸ்பெக்டரை உள்ளேயே வைத்துக்கொண்டு வந்தது. 2009 மார்ச்சில் எக்ஸ்புளோரர் 8, எஃப்12 என்ற பொத்தானை எங்களுக்குப் பழக்கியது. அதிலும் ஒரு வேடிக்கை: பயர்பக் பரப்பிவிட்ட ‘கன்சோல்’ எக்ஸ்புளோரர் 8-லும் 9-லும் எஃப்12-ஐத் திறந்தால்தான் பிறக்கும். கோடில் ஒரு கன்சோல்.லாக் தங்கிவிட்டால் டெவலப்பர் பார்க்கும்போது பக்கம் ஒழுங்காக ஓடும். வாடிக்கையாளர் பார்த்தால் நின்றுவிடும்.

பயர்பாக்ஸும் சொந்தக் கருவிகளை ஒவ்வொன்றாக உள்ளே சேர்த்தது. 2017 நவம்பரில் வந்த பயர்பாக்ஸ் 57 பழைய பாணி எக்ஸ்டென்ஷன்களைக் கைவிட்டபோது பயர்பக்கும் நின்றது. அதன் வேலை முடிந்திருந்தது. அது செய்ததெல்லாம் எல்லா பிரவுசரிலும் இலவசமாகவே கிடைத்தது.

கருவி கூர்மையான அதே வருடங்களில் பக்கம் படிக்க முடியாததாகிவிட்டது. இன்றைய பெரிய தளம் ஒன்றின் சோர்ஸைத் திறந்தால் பெரும்பாலும் ஒரு காலி டிவ்வும் சில ஸ்கிரிப்ட் இணைப்புகளும்தான். ஸ்கிரிப்ட்டோ சுருக்கப்பட்டு ஒரே வரியாகக் கிடக்கும். எல்லா வேரியபிளுக்கும் ஓரெழுத்துப் பெயர். எங்களிடம் சேரும் புதியவர்கள் பிரேக்பாயிண்ட் வைப்பதிலும் நெட்வொர்க் டேபைப் படிப்பதிலும் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள். ஆனால் பக்கம் என்ன செய்கிறது என்பதைத்தான் இன்ஸ்பெக்டர் காட்டும். எழுதியவன் எப்படி யோசித்தான் என்பதைக் காட்டாது. அதைக் காட்ட, சுருக்கிய ஸ்கிரிப்ட்டை முதலில் எழுதிய கோடோடு பொருத்திக் காட்டும் சோர்ஸ் மேப் இருக்கிறது, தளத்துக்காரர் மனம் வைத்து வெளியிட்டால். எங்கள் வாடிக்கையாளர்களிடம் கேட்டுப் பார்ப்பேன். ரகசியம் போய்விடும் என்று பலர் மறுப்பார்கள். ரகசியம் ஏதுமில்லாத தளங்களுக்காவது விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.