பதுளையும் திருச்சிராப்பள்ளியும்: தூரமும் பயணக் காலமும்

பதுளைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையிலான வான்வழி நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 500 கிலோமீற்றர். இவ்வளவு புவியியலுக்குரியது, என்றும் மாறாதது. அத்தூரத்தைக் கடக்கும் காலமோ வரலாற்றுக்குரியது. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஊவாத் தோட்டங்களுக்கு வந்த மக்களின் வாழ்வில் அக்காலம் எவ்வாறு மாறியது, அதனை மாற்றியவை எவை என்பன ஈண்டு நோக்கத்தக்கன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கங்காணியின் பின் புறப்பட்டோர் கடற்கரைவரை நடந்து, தோணியேறி, மன்னார்ப் பகுதியில் இறங்கினர். அங்கிருந்து வன்னிக் காட்டினூடாக மாத்தளைவரை ஏறத்தாழ 150 மைல் நடைப்பயணம். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே பலரை மாய்த்தன. ஊவாவுக்குரியோர்க்கு மாத்தளையும் முடிவிடமன்று. மலைகளைக் கடந்து மேலும் பல நாள்கள் நடக்க வேண்டியிருந்தது. அன்று பயணக் காலம் வாரக்கணக்கினது.

கோப்பியையும் பின்னர்த் தேயிலையையும் துறைமுகம் சேர்க்க எழுந்த இருப்புப்பாதை இந்நிலையை மாற்றிற்று. கொழும்பிலிருந்து 1867இல் கண்டியையும், 1885இல் நானுஓயாவையும், 1894இல் பண்டாரவளையையும் அது அடைந்தது. எஞ்சிய ஏறத்தாழ 30 கிலோமீற்றரைக் கடந்து பதுளையை எட்ட 1924 ஆயிற்று. கொழும்பு–பதுளை நேர்கோட்டுத் தூரம் 130 கிலோமீற்றரளவே. இருப்புப்பாதையின் நீளமோ ஏறத்தாழ 290 கிலோமீற்றர். தெமோதரையில் பாதை வளைந்திறங்கித் தன் நிலையத்தின் அடியிலேயே சுரங்கவழி செல்வதைக் கண்டோர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும்.

இதற்கிடையில், 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கியது. தலைமன்னாரிலிருந்து வரும் பாதை பொல்காவலையில் மலைநாட்டுப் பாதையுடன் இணைந்தமையால், வாரங்கள் நாள்களாகச் சுருங்கின. ஆயினும் தொழிலாளர் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்பின் பொருட்டுத் தடுத்து வைக்கப்பட்ட பின்னரே கடல் கடந்தனர். இயந்திரம் மிச்சப்படுத்திய காலத்தில் ஒரு பகுதியை நிருவாகம் மீளப் பெற்றுக்கொண்டது எனலாம்.

1947 டிசம்பரில் எயர் சிலோன் வானூர்தி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. கடல் சில மணி நேரத் தூரமாயிற்று. ஆனால், அடுத்த ஆண்டிலேயே 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியா ஏற்குமெனவும், 300,000 பேர் இலங்கைப் பிரசைகளாவரெனவும் வகுத்தது. 150,000 பேரின் நிலை பிற்பாடு தீர்மானிக்க விடப்பட்டது. முன்னோரைக் கொணர்ந்த அதே இருப்புப்பாதை, பதுளையிலும் பண்டாரவளையிலும் பிறந்து வளர்ந்தோரைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்றது. அப்பயணத்திற்குச் சில நாள்களே போதுமாயிருந்தன. அதற்கான பத்திரங்களுக்குக் காத்திருந்த காலமோ ஆண்டுக்கணக்கானது. 1984இல் கப்பற்சேவை நின்றபோது அவ்வழியும் அடைபட்டது. எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று.

இன்று கட்டுநாயக்காவிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு வானூர்தி ஒரு மணி நேரமளவில் சென்றுவிடுகிறது. இம்மக்களின் நெடும்பயணம் அவ்விரு ஊர்களுக்கும் இடைப்பட்டதன்று. 1948இல் இழந்த உரிமைக்கும் 2003இல் பெற்ற உரிமைக்கும் இடைப்பட்ட 55 ஆண்டுகளே அப்பயணம். அதனை எவ்வூர்தியாலும் சுருக்க இயலவில்லை.